நீளும் ஒப்பந்தமும் குறையும் ஆற்றலும்

நிதிக் கல்விப் பாடம்

இப்பாடத்தின் நோக்கம்

ஒருவருடைய வருவாய் அல்லது ஆற்றல் உச்சத்தில் இருக்கும் நாளில், அவரை நம்பி நெடுங்காலத்திற்குப் பெருந்தொகை கொடுக்க ஒப்புக்கொள்வது எத்தகைய இடரை உண்டாக்கும் என்பதை இம்மாதம் ஆராய்வோம். எடுத்துக்காட்டுகளை விளையாட்டுத் துறையிலிருந்து தேர்ந்துள்ளோம். அங்கே விலை, வயது, ஆட்டத்தின் பயன் ஆகிய மூன்றும் யாவரும் அறியப் பதிவாகின்றன. வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு தெளிவான கணக்கு பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பதில்லை.

ஆயினும் இது விளையாட்டைப் பற்றிய பாடம் அன்று. புனே நகரின் வானவடியிலும் அதனை அடுத்த பாத்திமாநகர், சாளுங்கே விகார் பகுதிகளிலும் படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற குடும்பங்கள் பல வாழ்கின்றன. நாற்பது வயதை ஒட்டியே முதற்பணியை முடித்து இரண்டாம் பணியைத் தேடுவோர் அவர்களுள் உண்டு. ஐம்பதைக் கடந்தபின் வீட்டுக்கடன் பெற எண்ணுவோரும் உண்டு. வருவாய் ஒருநாள் குறையும் என்பதை முன்கூட்டியே அறிந்தும், கடனின் நீளத்தை அதற்கேற்ப அளக்காமல் விட்டுவிடும் குடும்பங்களுக்கே இப்பாடம் பெரிதும் பயன்படும்.

1. முதலில் மூன்று சொற்கள்

உறுதி ஊதியம்: ஆடினாலும் ஆடாவிட்டாலும், காயமுற்றாலும், அணியிலிருந்து நீக்கப்பட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய தொகை. அமெரிக்கப் பேஸ்பாலின் பெருங்குழுப் போட்டிகளில் செய்யப்படும் நீண்ட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இவ்வகையின.

விடுவிப்பு உரிமை: குறித்த காலம் முடிந்ததும், அல்லது ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும், ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் வாய்ப்பு. ஐபிஎல் அணிகள் பருவம் முடிந்தபின் தாம் விரும்பாத ஆட்டக்காரரை விடுவிப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

ஒத்திவைத்த ஊதியம்: இன்று ஆடியதற்குரிய பணத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் பெற ஒப்புக்கொள்வது.

வங்கியின் மொழியில் கூறினால், உறுதி ஊதியம் என்பது மாதத் தவணை போன்றது. விடுவிப்பு உரிமை என்பது முன்கூட்டியே கடனை முடிக்கும் வசதி போன்றது. ஒத்திவைத்த ஊதியம் என்பது ஓய்வூதியம் போன்றது. இந்த ஒப்புமையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

2. அமெரிக்கப் பேஸ்பால் தரும் பாடம்

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வில் பெயர்பெற்ற பில் ஜேம்ஸ், மட்டையாளரின் ஆற்றல் சராசரியாக 27 வயதை ஒட்டி உச்சம் பெறுகிறது என்று 1980களிலேயே எழுதினார். அதன்பின் இறக்கம் முதலில் மெல்லத் தொடங்கி, முப்பதுகளின் நடுவில் விரைவு பெறுகிறது. ஆனால் அங்குள்ள விதிப்படி, ஓர் ஆட்டக்காரர் பெருங்குழுவில் ஆறு ஆண்டுகள் பணிபுரிந்த பின்னரே தம் விருப்பப்படி எந்த அணியோடும் பேரம் பேச முடியும். எனவே இளமையின் சிறந்த ஆண்டுகளில் குறைந்த ஊதியமும், முப்பதை நெருங்கியோ கடந்தோ பெரும் ஊதியமும் பெறும் நிலை பலருக்கு ஏற்படுகிறது. முன்னர் ஆடிய ஆட்டத்திற்கான பாராட்டு, இனி ஆடப்போகும் ஆண்டுகளின் விலையாக எழுதப்படுகிறது.

ஆல்பர்ட் பூஹோல்ஸ் இதற்கு நல்ல சான்று. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 2001 முதல் 2011 வரை ஆடிய அவர், 2005, 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் தம் பிரிவின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 2011 டிசம்பரில், 32ஆம் வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணி அவரோடு 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது.

அவ்வொப்பந்தத்தின் அமைப்பை உற்று நோக்க வேண்டும். 2012ஆம் ஆண்டிற்கு ஊதியம் 1.2 கோடி டாலர். பின்னர் படிப்படியாக உயர்ந்து இறுதி ஆண்டான 2021இல் 3 கோடி டாலர். ஆற்றல் இறங்கிய அதே ஆண்டுகளில் ஊதியம் ஏறியது. கார்டினல்ஸில் அவருடைய மட்டைச் சராசரி .328, ஏஞ்சல்ஸில் எந்த முழுப் பருவத்திலும் அது.300ஐத் தொடவில்லை. 2021 மே மாதம், ஒப்பந்தத்தின் இறுதிப் பருவம் தொடங்கிச் சில வாரங்களிலேயே, அணி அவரை விடுவித்தது. 3 கோடி டாலர் பொறுப்பு மட்டும் அணியிடமே நின்றது.

கதை அங்கே முடியவில்லை. 2022இல் அவர் பழைய கார்டினல்ஸ் அணிக்குத் திரும்பினார். இம்முறை ஓராண்டு ஒப்பந்தம், 25 இலட்சம் டாலர். அப்பருவத்தில் 24 ஹோம் ரன்கள் அடித்து, தம் வாழ்நாளின் 700ஆவது ஹோம் ரன்னையும் கடந்தார். ஆட்டக்காரர் அவரே, ஒப்பந்தத்தின் நீளமும் விலையும்தான் வேறு. முதுமையடைந்த ஆட்டக்காரரால் பயன் இல்லை என்பது இங்கே பாடம் ஆகாது. பயன் உறுதியற்றதாக இருக்கும் காலத்திற்கு விலையை மட்டும் உறுதியாக்குவதே இடர்.

மிகேல் கபிரேரா வழக்கு வேறொரு கூற்றைக் காட்டுகிறது. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியோடு அவருக்கிருந்த ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு ஆண்டுகள் எஞ்சியிருந்தபோதே, 2014இல், 2016 முதல் 2023 வரையிலான எட்டு ஆண்டுகளுக்கு 24.8 கோடி டாலர் நீட்டிப்பு வழங்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகள் காத்திருந்தால் அணிக்கு மேலும் சான்று கிடைத்திருக்கும். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அவசரத்தின் விலையோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இவ்வகை ஒப்பந்தம் அனைத்தும் வீண் என்று கூறுவதும் நேர்மையாகாது. நியூயார்க் யாங்கீஸ் அணி 2007இல், 32 வயதான அலெக்ஸ் ரொட்ரிகஸோடு 10 ஆண்டு, 27.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. 2009இல் அவ்வணி உலகத் தொடரை வென்றது. அவ்வெற்றியில் அவருக்குப் பெரும்பங்கு இருந்தது. ஆனால் 2014 பருவம் முழுவதும் அவர் தடை செய்யப்பட்டார். 2016 ஆகஸ்டில், ஓராண்டிற்கு மேல் எஞ்சியிருக்கையில் விடுவிக்கப்பட்டார். பயன் முன் ஆண்டுகளில் வந்தது. செலவு பின் ஆண்டுகளுக்கும் நீண்டது. கணக்கிடுபவர் இரண்டையும் ஒருங்கே பார்த்தல் வேண்டும்.

3. அறிந்தும் ஏன் கையெழுத்திடுகின்றனர்?

அணி நிருவாகிகள் அறியாதவர் அல்லர். வயதும் இறக்கமும் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். எனினும் நான்கு காரணங்கள் அவர்களை இழுக்கின்றன.

முதலாவது, போட்டி ஏலம். பலர் ஒரே பொருளுக்கு விலை கூறும்போது, அதன் மதிப்பை மிகுதியாகக் கணித்தவரே வெல்கிறார். பொருளியலில் இதனை வென்றவரின் சாபம் என்பர். வீட்டுமனை ஏலத்திலும் இது நிகழ்கிறது.

இரண்டாவது, பயன் உடனே தெரிகிறது. செலவு பின்னர் வருகிறது. நுழைவுச்சீட்டு விற்பனையும் தொலைக்காட்சி வருவாயும் இவ்வாண்டே ஏறும். ஒன்பதாம் ஆண்டின் சுமையைத் தாங்குபவர் அப்போதைய நிருவாகி.

மூன்றாவது, நீளம் சுமையைச் சிறிதாகக் காட்டுகிறது. மொத்தத் தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பினால் ஆண்டுச் சராசரி குறைகிறது. அணியின் ஊதிய வரிக் கணக்கிற்கும் அது உதவுகிறது. கடன் பெறுபவர் தவணை குறையவேண்டும் என்று காலத்தை நீட்டுவதும் இதே வகைதான்.

நான்காவது, முன்னர்ச் செய்த செலவு மனத்தைக் கட்டிவிடுகிறது. பெருந்தொகை கொடுத்துவிட்டோம் என்பதற்காகவே பயன் தராத ஆட்டக்காரரைத் தொடர்ந்து களமிறக்குவதைப் பலமுறை காண்கிறோம். கொடுத்த பணம் திரும்ப வராது. இனி எடுக்கும் முடிவு இனி வரும் பயனை மட்டுமே பார்த்து எடுக்கப்பட வேண்டும்.

4. புனே கண்ட இரண்டு ஒப்பந்தங்கள்

இப்பாடத்தின் மிக நெருங்கிய எடுத்துக்காட்டு புனே நகரிலேயே உள்ளது. 2010 மார்ச்சில் ஐபிஎல் போட்டிக்கு இரண்டு புதிய அணிகள் ஏலம் விடப்பட்டபோது, சகாரா குழுமம் புனே அணியை 37 கோடி டாலருக்கு வாங்கியது. அந்நாளைய மாற்று விலையில் ஏறத்தாழ 1,702 கோடி ரூபாய். பத்து ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 கோடி ரூபாய் செலுத்த வேண்டும்; அதற்கு வங்கி உத்தரவாதமும் தேவை.

புனே வாரியர்ஸ் என்று பெயர் பெற்ற அவ்வணி 2011இல் ஒன்பதாம் இடத்தையும், 2012இல் கடைசி இடத்தையும், 2013இல் எட்டாம் இடத்தையும் பெற்றது. தாம் 94 ஆட்டங்களை எண்ணி விலை கூறியதாகவும், நடந்தவை 74 ஆட்டங்களே என்றும் உரிமையாளர் முறையிட்டனர். தொகை பற்றிய கருத்து வேறுபாடு தீரவில்லை. கிரிக்கெட் வாரியம் வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கிக்கொண்டது. 2013 மே மாதம் சகாரா விலகுவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வாரியம் ஒப்பந்தத்தை முடித்தது. பத்தாண்டு என்று எழுதியது மூன்று பருவங்களில் முடிந்தது.

இங்கே வாடிக்கையாளர் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வங்கி உத்தரவாதம் என்பது வெறும் தாள் அன்று. ஒப்பந்தத்தின் மூலக் கணிப்பில் கருத்து வேறுபாடு எழுந்தாலும், உத்தரவாதத்தின் விதிகள் நிறைவேறினால் வங்கி பணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். பின்னர் வங்கி அத்தொகையை உத்தரவாதம் கேட்டவரிடமிருந்து பெறும். பிறருடைய கடனுக்குப் பிணை நிற்போரும் இதனை நினைவில் வைத்தல் நலம்.

இரண்டாவது ஒப்பந்தம் 2015 டிசம்பரில் நிகழ்ந்தது. சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டாண்டுகள் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், அவ்விடங்களை நிரப்ப இரண்டு அணிகள் தேவைப்பட்டன. அவை இரண்டே ஆண்டுகளுக்கானவை. ஏலமும் தலைகீழ் ஏலம். வாரியத்திடமிருந்து குறைந்த தொகை கேட்பவரே வெல்வர். சஞ்சீவ் கோயங்காவின் நிறுவனம் எதுவும் கேளாமல், ஆண்டுக்கு 16 கோடி ரூபாய் தாமே தருவதாகக் கூறிப் புனே அணியைப் பெற்றது. முடிவு நாள் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

அவ்வணி 2016இல் ஏழாம் இடத்தையே பெற்றது. 2017இல் தலைமையை மகேந்திர சிங் தோனியிடமிருந்து ஸ்டீவ் ஸ்மித்திற்கு மாற்றி, பென் ஸ்டோக்ஸை 14.5 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஸ்டோக்ஸ் அப்பருவத்தின் மதிப்புமிகு ஆட்டக்காரரானார். இறுதி ஆட்டத்தில் மும்பையிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றது. இரண்டாண்டு முடிந்தது, அணி கலைந்தது, வாரியத்திற்கும் உரிமையாளருக்கும் இடையே பல்லாண்டுப் பொறுப்பு எதுவும் எஞ்சவில்லை.

ஒரே நகரம், ஒரே போட்டி, ஒரே விளையாட்டு. முன்னது நீண்டது, பெரியது, கணிப்பு பிழைத்தால் வழியின்றி நின்றது. பின்னது குறுகியது, சிறியது, பிழையைத் தாங்கும் அளவினது. கிடைத்த வெற்றியைவிட, தோல்வியைத் தாங்கும் வகையில் ஒப்பந்தம் அமைந்திருந்ததே இங்குக் கவனிக்கத்தக்கது.

5. ஆண்டுதோறும் எழுதப்படும் விலை

ஆட்டக்காரர் பக்கம் திரும்புவோம். 1981 டிசம்பரில் பிறந்த யுவராஜ் சிங்கை 2011 சனவரி ஏலத்தில் புனே வாரியர்ஸ் 18 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அவ்வாண்டே உலகக் கோப்பைத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர். அடுத்த ஆண்டு புற்றுநோய்ச் சிகிச்சையால் ஐபிஎல் பருவம் முழுவதையும் இழந்தார். எந்தக் கணிப்பாளராலும் முன்னறிய முடியாத துயரம் அது. நெடுங்கால ஒப்பந்தத்தின் பெரிய இடர் வயது மட்டும் அன்று என்பதை அது காட்டுகிறது.

அவர் மீண்டு வந்தார். அதன்பின் அவருடைய விலை சென்ற வழியைக் காண்க. 2014இல் பெங்களூரு 14 கோடி ரூபாய். 2015இல் டெல்லி 16 கோடி. 2016இல் ஐதராபாத் 7 கோடி. 2018இல் பஞ்சாப் 2 கோடி. 2019இல் மும்பை 1 கோடி. 2019 சூனில் அவர் ஓய்வு பெற்றார். டெல்லி அணி 16 கோடி கொடுத்த பருவத்தில் அவர் எடுத்தவை 248 ஓட்டங்கள். அவ்வணி அடுத்த பருவத்திற்கு முன் அவரை விடுவித்தது. பத்தாண்டு உறுதி ஊதியமாக இருந்திருப்பின் அவ்வணியின் இழப்பு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

புனேயைச் சேர்ந்த கேதார் ஜாதவை 2018இல், அவர் 33 வயதை நெருங்கும்போது, சென்னை சூப்பர் கிங்ஸ் 7.8 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதல் ஆட்டத்தில் அணியை வெற்றிபெறச் செய்தவர், அதே ஆட்டத்தில் தொடைத்தசைக் காயமுற்றுப் பருவம் முழுவதையும் இழந்தார். 2020இல் எட்டு ஆட்டங்களில் 62 ஓட்டங்கள் எடுத்தார். அணி விடுவித்தபின் 2021இல் ஐதராபாத் அணி அவரை 2 கோடிக்குப் பெற்றது. அதே புனேயின் ருதுராஜ் கெய்க்வாட்டைச் சென்னை அணி முதலில் 20 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. 2022இல் 6 கோடி, 2025இல் 18 கோடி ஊதியத்தில் தக்கவைத்தது. இளையவர் விலை மெய்ப்பித்தபின் ஏறியது. மூத்தவர் விலை பயன் குறைந்ததும் இறங்கியது.

தோனியின் கணக்கு எல்லாவற்றிலும் தெளிவானது. சென்னை அணி அவரை 2018இல் 15 கோடி, 2022இல் 12 கோடி, 2025இல் 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. ஐந்தாண்டுகளாகப் பன்னாட்டு ஆட்டம் ஆடாத இந்தியரைச் சர்வதேச அனுபவமற்றவர் பட்டியலில் வைக்கலாம் என்ற விதி மீண்டும் நடைமுறைக்கு வந்ததால் கடைசி விலை அமைந்தது. 43 வயதான ஆட்டக்காரர் அணிக்குத் தரும் பயன் முழுதும் ஓட்டக்கணக்கில் அடங்காது. ஆயினும் 120 கோடி மொத்த வரம்பில் அவருக்காக ஒதுக்கிய பங்கு சிறியதாக இருந்தது. மதிப்பைக் குறைக்காமலேயே பொறுப்பைக் குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

குறுகிய ஒப்பந்தம் ஆட்டக்காரருக்குச் சுமையாகும் என்பதையும் மறைக்கலாகாது. இடர் எங்கும் மறைந்துவிடுவதில்லை; ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாறுகிறது. பேஸ்பாலில் அதனை அணி சுமக்கிறது. ஐபிஎல்லில் ஆட்டக்காரர் சுமக்கிறார். இங்கிலாந்து வாரியம் 2023 அக்டோபரில் ஜோ ரூட், ஹாரி புரூக், மார்க் வுட் ஆகியோருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் வழங்கியது. அப்போது 33 வயதான விரைவுப் பந்துவீச்சாளர் வுட், முழங்கை, முழங்கால் காயங்களால் 2024 ஆகஸ்டிற்குப் பின் 2025 நவம்பர் வரை டெஸ்ட் ஆட இயலவில்லை. வாரியத்திற்கு அது செலவு. ஆனால் காயமுற்றவருடைய குடும்பத்திற்கு அந்த மூன்றாண்டு உறுதியே காப்பு.

6. ஒத்திவைத்த பணத்தின் இன்றைய மதிப்பு

நியூயார்க் மெட்ஸ் அணி 2000ஆம் ஆண்டில் பாபி போனில்லாவை விடுவித்தபோது அவருக்கு 59 இலட்சம் டாலர் தரவேண்டியிருந்தது. அதனை உடனே தராமல், 8 விழுக்காடு வட்டியோடு ஒத்திவைத்து, 2011 முதல் 2035 வரை ஒவ்வோர் ஆண்டும் சூலை 1ஆம் நாள் ஏறத்தாழ 11.93 இலட்சம் டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 2.98 கோடி டாலர். இறுதித் தவணை பெறும்போது அவருக்கு வயது 72. அணிக்கு இது விலையுயர்ந்த கடன்; ஆட்டக்காரருக்கு இது தாமே அமைத்துக்கொண்ட ஓய்வூதியம்.

ஷோஹெய் ஓதானி 2023 டிசம்பரில், 29ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியோடு 10 ஆண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். அதில் 68 கோடி வட்டியின்றி ஒத்திவைக்கப்பட்டு 2034 முதல் 2043 வரை வழங்கப்படும். எனவே வரிக் கணக்கில் அதன் ஆண்டு மதிப்பு 7 கோடியாக அல்லாமல் ஏறத்தாழ 4.6 கோடி டாலராகவே கொள்ளப்பட்டது.

காரணம் எளிது. ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி எனக் கொண்டால், பத்தாண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 51 ரூபாயே. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றிப் பெறுவோருக்கும் இக்கணக்குப் பயன்படும். மத்திய அரசுப் பணியாளர் 40 விழுக்காடு வரையிலும், படைவீரர் 50 விழுக்காடு வரையிலும் இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம்; குறைக்கப்பட்ட பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சேரும். மொத்தத் தொகை பெரிதாகத் தோன்றும். இழக்கும் மாதத் தொகையோடு அதனை ஒப்பிட்டபின்பே முடிவு செய்க.

7. நம் இல்லக் கணக்கு

இனி இப்பாடத்தை வீட்டிற்குக் கொண்டுவருவோம். 52 வயதான ஒருவர் வானவடியில் வீடு வாங்க 50 இலட்சம் ரூபாய்க் கடன் பெறுகிறார் என்க. வட்டி 9 விழுக்காடு. காலம் 20 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 44,990 ரூபாய். இன்றைய சம்பளத்தில் அது எளிதாகவே தோன்றும்.

அவர் 60இல் ஓய்வு பெறுகிறார். எட்டு ஆண்டுகளில் அவர் செலுத்தியது ஏறத்தாழ 43.2 இலட்சம். எஞ்சிய கடன் எவ்வளவு? ஏறத்தாழ 39.5 இலட்சம்! தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே செல்வதால் அசல் மெல்லவே குறைகிறது. சம்பளம் நின்று ஓய்வூதியம் தொடங்கும் நாளில், கடனில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் நிற்கிறது. பூஹோல்ஸ் ஒப்பந்தத்தின் இறுதி ஆண்டுகள் இவ்வாறே வந்தன.

மாற்று வழிகள் இரண்டு. அதே 50 இலட்சத்தை எட்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டுமெனில் தவணை ஏறத்தாழ 73,250 ரூபாய். அது இயலாதெனில், 44,990 ரூபாய்த் தவணையில் எட்டு ஆண்டுகளில் முடியக்கூடிய கடன் ஏறத்தாழ 30.7 இலட்சம். எஞ்சிய 19.3 இலட்சத்தைச் சேமிப்பிலிருந்து தரவேண்டும். அல்லது சிறிய வீட்டைத் தேட வேண்டும். அல்லது வருவாயுள்ள மகனோ மகளோ இணைக் கடனாளியாகச் சேர வேண்டும். மூன்றாவது வழியைத் தேர்ந்தால், அவர்தம் பின்னாளைய கடன் தகுதியும் குறையும் என்பதை அவரிடம் முன்பே தெளிவாகக் கூறுதல் கடமை.

மாறும் வட்டி மற்றோர் இடர். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டிற்கு உயர்த்தியது. தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டினால் என்னாகும்? 7 விழுக்காட்டில் 50 இலட்சத்திற்கு 20 ஆண்டுத் தவணை 38,765 ரூபாய். கடன் பெற்ற உடனே வட்டி 9 விழுக்காடானால், அதே தவணையில் கடன் முடிய ஏறத்தாழ 38 ஆண்டுகள் ஆகும். நடைமுறையில் அவ்வளவு நீளம் அனுமதிக்கப்படாது, தவணை உயரும். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று தேரும் வாய்ப்பினைக் கடன் பெற்றவருக்கு அளிக்கவேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. அவ்வாய்ப்பைக் கேட்டுப் பெறுக.

விடுவிப்பு உரிமையும் நமக்கு உண்டு. தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் இல்லை. ஊக்கத்தொகை, முதிர்ந்த வைப்பு, பணிக்கொடை ஆகியவற்றின் ஒரு பகுதியை அசலில் செலுத்தினால் ஒப்பந்தத்தின் நீளத்தை நாமே குறைக்கலாம். ஆனால் பணிக்கொடை முழுவதையும் கடனுக்கே கொடுத்துவிட்டு மருத்துவச் செலவிற்குக் கையிருப்பின்றி நிற்பதும் தவறு. படிப்படியாக உயரும் தவணைத் திட்டம் முப்பது வயதினருக்கு ஏற்றது; ஐம்பதைக் கடந்தவருக்கு அது பொருந்தாது.

8. கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அ. இவ்வொப்பந்தம் முடியும் நாளில் எனக்கு வயது என்ன? அன்று என் வருவாய் எங்கிருந்து வரும்?

ஆ. தவணையை இன்றைய சம்பளத்தோடு ஒப்பிட்டேனா, ஓய்வூதியத்தோடும் ஒப்பிட்டேனா?

இ. ஓராண்டு நோயுற்றால் தவணையைக் கட்டப் போதிய கையிருப்போ காப்பீடோ உள்ளதா?

ஈ. இடையில் விலக வழி உண்டா? அதற்குச் செலவு எவ்வளவு?

உ. எனக்குப் பின் இக்கடனை யார் சுமப்பார்? அவருக்கு இப்போதே அது தெரியுமா?

9. பயிற்சி

50 வயதான ஒருவர் 30 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்குப் பெறுகிறார். மாதத் தவணை ஏறத்தாழ 30,430 ரூபாய். அவர் 60 வயதில் ஓய்வு பெறும்போது கடன் எவ்வளவு எஞ்சியிருக்கும்? மூன்றில் இரு பங்குக் காலம் கடந்தமையால் 10 இலட்சம் எஞ்சும் என்று பலர் விடை கூறுவர். சரியான விடை ஏறத்தாழ 14.66 இலட்சம். இவ்வேறுபாடு ஏன் எழுகிறது என்பதைக் குடும்பத்தினரோடு அமர்ந்து ஆராய்க.

நிறைவாக ஒன்று. கிளைக்குக் கடன் கேட்டு வரும்போது "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பதே வழக்கம். அதனோடு, "நான் ஓய்வு பெறும் நாளில் எவ்வளவு எஞ்சியிருக்கும்?" என்றும் கேளுங்கள். அந்நாளைய இருப்பைக் காட்டும் தவணை அட்டவணையை வாங்கி, கணவன் மனைவி இருவரும் படித்தபின் கையெழுத்திடுங்கள்.